கிளிமஞ்சாரோ: பனி போனால் ஆறு வற்றுமா?

ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த மலையான கிளிமஞ்சாரோவின் உச்சிப் பனி சுருங்கிவருகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் இரண்டு வாதங்கள் கூடவே கிளம்புகின்றன. பனி போய்விட்டால் ஆறுகள் வற்றும், அடிவாரத்து மக்கள் குடிநீருக்குத் தவிப்பார்கள் என்பது ஒன்று. 2020-க்குள் பனி முழுவதும் மறைந்துவிடும் என்றார்களே, இன்னும் இருக்கிறதே, ஆகவே புவி வெப்பமாதல் என்பதே கட்டுக்கதை என்பது மற்றொன்று. இரண்டு வாதங்களுமே தவறு. மலையின் அமைப்பை விட்டுவிட்டு உச்சியின் வெண்மையை மட்டும் பார்ப்பதால் வரும் தவறு அது. மலை எப்படி உருவானது, மழை அதன் எந்தப் பகுதியில் விழுகிறது, அந்த நீர் எந்த வழியாக இறங்குகிறது என்று வரிசையாகப் பார்த்தால் குழப்பம் தீரும்.

மலை நிற்கும் இடம்

கிளிமஞ்சாரோ இருப்பது தான்சானியாவின் வடகிழக்கு மூலையில், நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 340 கி.மீ. தெற்கே. கென்யாவின் எல்லை அதன் வடக்கு அடிவாரத்தை ஒட்டிச் செல்கிறது. யானைக்கூட்டத்தின் பின்னணியில் மலை தெரியும் புகழ்பெற்ற படங்கள் பெரும்பாலும் கென்யாவின் அம்போசெலி சமவெளியிலிருந்து எடுக்கப்பட்டவை. மலை கென்யாவில் இருப்பதாகப் பலர் நினைப்பதற்கு இதுவே காரணம். விக்டோரியா ஏரியிலிருந்து கடல் நோக்கி நேர்கோடாக வரும் எல்லை, மலையை நெருங்கியதும் வடக்கே வளைந்து அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. 1886-இல் பிரிட்டனும் ஜெர்மனியும் செய்துகொண்ட உடன்படிக்கையின் தடம் அது. விக்டோரியா மகாராணி ஜெர்மன் இளவரசரான தன் பேரனுக்குப் பிறந்தநாள் பரிசாக மலையைக் கொடுத்தார் என்பது வெறும் கதை.

இந்த மலை எந்த மலைத்தொடரையும் சேர்ந்ததல்ல. தென் அடிவாரத்தில் உள்ள மோஷி நகரம் கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 30 கி.மீ. மட்டுமே; அதற்குள் தரை 5,000 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. உச்சியான உஹுரு முனையின் உயரம் 5,895 மீட்டர். அருகிலுள்ள பெரிய மலை என்றால் மேற்கே சுமார் 70 கி.மீ. தள்ளி நிற்கும் மேரு எரிமலைதான். இந்தத் தனிமை முக்கியமானது. இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றுக்கு இந்த உயரத்தில் வேறு தடையே இல்லாததால், மலை தனக்கான மழையைத் தானே உருவாக்கிக்கொள்கிறது.

ஒரே மலையில் மூன்று எரிமலைகள்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்குப் பகுதி, மற்ற பகுதியிலிருந்து ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் விலகிக்கொண்டிருக்கிறது. நிலம் இழுபட்டு மெலியும் இந்த நெடிய பட்டைக்குக் கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கு என்று பெயர். மெலிந்த இடங்களில் ஆழத்திலுள்ள பாறை உருகிக் கற்குழம்பாக மேலே வருகிறது. சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அப்படித் தொடங்கியதுதான் கிளிமஞ்சாரோ. ஒரே மலையாகத் தெரியும் இது உண்மையில் மூன்று எரிமலைக் கூம்புகளின் கூட்டு.

1. ஷிரா: மேற்கே உள்ளது, மூன்றில் மூத்தது. உச்சி இடிந்து அமிழ்ந்துவிட்டதால் இன்று சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் ஒரு பீடபூமியாக மட்டும் எஞ்சியிருக்கிறது. செயலிழந்த எரிமலை.

2. மவென்சி: கிழக்கே உள்ளது, உயரம் 5,149 மீட்டர். மழையும் உறைபனியும் அரித்ததில் கூம்பின் வடிவமே போய்விட்டது. எரிமலையின் உள்நாளங்களில் இறுகிய கடினப் பாறைகள்தான் ஊசிமுனைகளாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. இதுவும் செயலிழந்தது.

3. கிபோ: நடுவில் உள்ளது, இளையது, மிக உயர்ந்தது. உஹுரு முனை இதன் விளிம்பில்தான் இருக்கிறது. பெரிய அளவிலான வெடிப்புகள் ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்துவிட்டன. ஆனாலும் உச்சியின் பெருவாய்க்குள் ரியூஷ் எனப்படும் இன்னொரு வாயும், அதற்குள் சாம்பல்குழி ஒன்றும் உள்ளன. அங்கே பாறை இடுக்குகளிலிருந்து கந்தக வாயு இன்றும் கசிகிறது. ஆகவே கிபோ உறங்கும் எரிமலை.

உச்சிப் பனி உருகுவதற்கு எரிமலையின் வெப்பம் காரணமா என்று கேட்பவர்கள் உண்டு. கந்தக வாயு கசியும் குழியைச் சுற்றித் தரை வெதுவெதுப்பாக இருப்பது உண்மை. ஆனால் பனி சுருங்குவது அந்தக் குழியைச் சுற்றி மட்டுமல்ல; அதிலிருந்து விலகியுள்ள வெளிச்சரிவுகளிலும் அதேபோலச் சுருங்குகிறது. எனவே எரிமலையின் வெப்பம் இதற்கு விளக்கமாகாது.

இதில் கவனிக்கவேண்டியது இன்னொன்று. எரிமலைக் குழம்பு இறுகிய பாறை விரிசல்களும் துளைகளும் நிறைந்தது. நீர் அதன்மேல் நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். தண்ணீர்க் கணக்குக்கு வரும்போது இது தேவைப்படும்.

மேலே ஏற ஏற மாறும் மலை

மோஷியில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 23 டிகிரி செல்சியசுக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் அரை டிகிரிக்குச் சற்று மேலாகக் குறைந்துகொண்டே போய், கிபோவின் உச்சியில் சராசரி சுழிக்குக் கீழே 7 டிகிரி ஆகிவிடுகிறது. இதுவரை எல்லாம் சீராக இருக்கிறது. மழை அப்படியல்ல, பெரும்பாலான செய்திகள் தவறவிடுவதும் இதைத்தான். உயரம் கூடக்கூட மழையும் கூடிக்கொண்டே போகும் என்றும், உச்சியில்தான் நீர் அதிகம் என்றும் எண்ணத் தோன்றும். உண்மையில் தென்சரிவில் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில்தான் மழை உச்சத்தைத் தொடுகிறது. அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் வரை பெய்கிறது. அதற்கு மேலே மழை மளமளவெனக் குறைந்து, உச்சியில் ஆண்டு முழுவதும் சேர்த்து 200 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. உச்சியில் பனி இருக்கிறதே தவிர, அது ஒரு பாலைவனம்.

ஈரக்காற்று மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து தன் நீரை இடைச்சரிவிலேயே கொட்டிவிடுகிறது. நண்பகலுக்கு முன்பே மேகம் திரண்டு அந்த உயரத்தில் வளையமாகச் சூழ்ந்துகொள்ளும். அந்த மேகத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் உச்சிக்கு மிச்சம் ஏதும் பெரிதாகப் போவதில்லை. மார்ச் முதல் மே வரை நீண்ட மழைக்காலம். நவம்பரை ஒட்டிக் குறுகிய மழைக்காலம். தென்சரிவு பெறும் மழையில் வடசரிவு பெறுவது சிறு பங்குதான். மழை மறைவுப் பகுதியான அம்போசெலி அதனால்தான் வறண்ட புல்வெளியாக இருக்கிறது.

தென்சரிவில் ஏறுபவர் கடக்கும் பட்டைகள் ஏறக்குறைய இவை. 1,000 மீட்டர் வரை புல்வெளியும் முட்புதரும். 1,000 முதல் 1,800 வரை வாழையும் காப்பியும் நிறைந்த தோட்டங்கள். மலையின் மக்கள் அடர்த்தி முழுவதும் இங்கேதான். அதற்கு மேல் ஏறத்தாழ 3,000 மீட்டர் வரை அடர்ந்த காடு. ஆப்பிரிக்காவில் இதுவரை அளக்கப்பட்டவற்றில் மிக உயரமான மரம், 81.5 மீட்டர், இந்த மலையின் பள்ளத்தாக்கு ஒன்றில்தான் நிற்கிறது; 2016-இல் அதன் உயரம் அறிவிக்கப்பட்டது. காட்டுக்கு மேலே எரிகா என்னும் ஊசியிலைப் புதர்கள். அதற்கும் மேலே புல்லும் குறுஞ்செடிகளும், பின்பு வெறும் கல்லும் மணலும்.

இங்கே கோடை, குளிர்காலம் என்ற வேறுபாடு குறைவு. பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு கடுமையானது. 4,000 மீட்டரில் வளரும் டென்ட்ரோசெனிசியோ என்ற பேருருச் செடியைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இது புரியும். அதன் தண்டு ஆளுயரத்தைவிடப் பெரியது. காய்ந்த இலைகள் உதிராமல் தண்டைச் சுற்றிக் கம்பளிபோல் அடைந்து, உள்ளே நீர் உறையாமல் காக்கின்றன. மாலையானதும் உச்சியிலுள்ள இலைகள் உட்புறமாகக் குவிந்து நடுக்குருத்தை மூடிக்கொள்ளும். காலை வெயிலில் மறுபடி விரியும். ஒவ்வொரு இரவும் அதற்கு ஓர் உறைபனிக்காலம்.

உச்சிப் பனி ஏன் சுருங்குகிறது

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் உச்சியில் விழும் புதுப்பனி சில நாட்களிலோ வாரங்களிலோ போய்விடும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, தன் எடையாலேயே இறுகிப் பாறைபோல் ஆனது பனிப்பாறைத் திரள். மலை முழுக்க வெண்மையாகத் தெரியும் படமும், பழுப்பாகத் தெரியும் படமும் ஒரே ஆண்டிலேயே எடுக்கப்பட்டிருக்கலாம். அவற்றை அருகருகே வைத்துப் "பனி திரும்பிவிட்டது" என்றோ "பனி போய்விட்டது" என்றோ சொல்வது ஏமாற்று. கணக்கில் கொள்ளவேண்டியது பனிப்பாறையின் பரப்பு மட்டுமே.

1848-இல் யோகன்னஸ் ரெப்மான் என்ற ஜெர்மானியப் பாதிரியார் இந்த மலையில் பனியைக் கண்டதாக எழுதியபோது, நிலநடுக்கோட்டுக்கு அருகே பனியா என்று லண்டன் புவியியலாளர் சிலர் நம்ப மறுத்தனர். 1889-இல் ஹான்ஸ் மேயரும் லுட்விக் புர்ட்ஷெல்லரும் உச்சியை அடைந்தபோது பெருவாயின் விளிம்பில் பனிச்சுவர் தொடர்ச்சியாக நின்றது. 1912-இல் வரையப்பட்ட நிலப்படத்தின்படி பனிப்பாறையின் பரப்பு 11 முதல் 12 சதுர கி.மீ. 2011-இல் எஞ்சியிருந்தது 1.76 சதுர கி.மீ. நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு போய்விட்டது. அதற்குப் பிறகும் சுருங்கியே வருகிறது.

ஏன்? காரணங்களைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. உச்சியில் காற்றின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே இருப்பதால், வெறும் காற்றின் சூட்டால் பனி உருகுவது அங்கே முதன்மையான நிகழ்வு அல்ல. வெயில்தான் வேலையைச் செய்கிறது.

2. அந்த வறண்ட காற்றில் பனியின் பெரும்பகுதி நீராகாமல் நேராக ஆவியாகிவிடுகிறது. கற்பூரம் காற்றில் கரைவதுபோன்ற இந்நிகழ்வுக்குப் பதங்கமாதல் என்று பெயர். ஒரு கிலோ பனியை உருக்கத் தேவையான ஆற்றலைப்போல் சுமார் எட்டு மடங்கு ஆற்றல் அதைப் பதங்கமாக்கத் தேவை. அப்படிப் போன பனி ஆற்றுக்கு ஒரு சொட்டும் தருவதில்லை.

3. புதுப்பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். பனிப்பொழிவு குறைந்தால் பழைய, தூசுபடிந்த பனி வெளியே தெரியும். அது வெயிலை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே மழை குறைவது பனியை இரண்டு வழியில் தாக்குகிறது: புதிதாகச் சேர்வது குறைகிறது, இருப்பது வேகமாகப் போகிறது.

4. கிபோவின் மேல்தளத்துப் பனிப்பாறையின் ஓரங்கள் சரிவாக இல்லாமல் செங்குத்துச் சுவர்களாக நிற்கின்றன. சில இடங்களில் 40 மீட்டர் உயரம். இந்தச் சுவர்கள் பெரும்பாலும் வடக்கையும் தெற்கையும் பார்த்தவை. சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும் மாதங்களில் வடக்குச் சுவரும், தெற்கே சாய்ந்திருக்கும் மாதங்களில் தெற்குச் சுவரும் வெயிலில் தேய்கின்றன. செங்குத்தான சுவரில் புதுப்பனி தங்காது. அதனால் சுவர் பின்வாங்கத்தான் முடியும், முன்னேற முடியாது.

இந்தப் பின்வாங்கல் 1880-ஐ ஒட்டியே தொடங்கிவிட்டது. அதே காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்க ஏரிகளின் மட்டமும் இறங்கியது. வட்டாரமே வறண்ட காலநிலைக்கு மாறியிருந்தது. ஆகவே பனி குறையத் தொடங்கியதற்கு வறட்சிதான் முதல் காரணம் என்று கேயோர்க் காசர், தாமஸ் மோல்க் போன்ற பனியியல் ஆய்வாளர்கள் காட்டினர். 2000-இல் இங்கே துளையிட்டுப் பனிக்கட்டித் தண்டுகளை எடுத்த லானி தாம்சன் அண்மைக்கால வெப்பத்துக்கு அதிக எடை தருகிறார். பனி உருகி மறுபடி உறைந்ததற்கான தடம் ஒரு தண்டின் மேற்பகுதி 65 சென்டிமீட்டரில் மட்டுமே இருந்தது. அதற்குக் கீழே, அதாவது பழைய பனியில், எங்குமே இல்லை. அவர் கணிப்பின்படி அடியிலிருந்த பனியின் வயது சுமார் 11,700 ஆண்டுகள்.

2015-க்கும் 2020-க்கும் இடையில் பனி மறைந்துவிடும் என்று 2002-இல் எழுதியதும் தாம்சன் குழுதான். அந்த நாள் தவறிவிட்டது. பரப்பு குறைந்த வேகத்தை அப்படியே நீட்டிப் போட்ட கணக்கு அது. ஆனால் நாள் தவறியதால் போக்கு மாறிவிடவில்லை. 2050-க்குள் ஆப்பிரிக்காவின் உலகப் பாரம்பரியக் களங்களிலுள்ள பனிப்பாறைகள் அனைத்தும் மறைந்துவிடக்கூடும் என்று 2022-இல் யுனெஸ்கோ அறிவித்தது. கிளிமஞ்சாரோவும் அதில் அடக்கம். புவி வெப்பமாதலுக்கான சான்று இந்த ஒரு மலையை நம்பி நிற்கவுமில்லை. வறட்சி, வெயில், வெப்பம் மூன்றும் பின்னிக்கிடக்கும் கிளிமஞ்சாரோவை அதன் அடையாளச் சின்னமாகத் தூக்கிப்பிடித்ததுதான் பிழை. மறுப்பவர்களுக்கு அது வீணாக ஒரு பிடியைக் கொடுத்துவிட்டது.

அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.76 சதுர கி.மீ. பனி ஆண்டுக்கு ஒரு மீட்டர் கனம் முழுவதும் நீராகவே உருகுகிறது என்று வைத்துக்கொள்வோம். பதங்கமாதலைக்கூடக் கழிக்க வேண்டாம். கிடைப்பது 17.6 லட்சம் கன மீட்டருக்கு மேற்படாது. இடைச்சரிவுக் காட்டின் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர கி.மீ. அதன்மேல் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தாலே 10 லட்சம் கன மீட்டர். அதாவது, உச்சிப் பனி ஓர் ஆண்டு முழுவதும் தரக்கூடிய நீர், காட்டின்மேல் பெய்யும் இரண்டு மில்லிமீட்டர் மழைக்கு ஈடாகாது. தென்சரிவுக் காட்டுக்கோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கிடைக்கிறது.

மழைமானியில் விழாத நீரும் உண்டு. காட்டின் மேல்விளிம்பில் ஆண்டின் பல நாட்கள் மேகம் தரையைத் தொட்டுக்கொண்டு நகர்கிறது. அங்கே மரக்கிளைகளில் பாசியும், தாடிபோல் தொங்கும் லைக்கனும் மண்டிக்கிடக்கின்றன. மேகத்தின் நுண்துளிகள் அவற்றில் ஒட்டித் திரண்டு சொட்டுகின்றன. திறந்த வெளியில் தரை காய்ந்திருக்கும்போது மரத்தடியில் மட்டும் மண் ஈரமாக இருக்கும். மரம் இல்லையேல் அதே மேகம் நீரைத் தராமலே கடந்துபோய்விடும்.

காட்டு மண்ணில் இறங்கும் இந்நீர் விரிசல் விழுந்த எரிமலைப் பாறைக்குள் புகுந்து, அடிவாரத்தில் ஊற்றுகளாக வெளிவருகிறது. வறண்ட அம்போசெலியில் கோடையிலும் வற்றாத சதுப்புநிலங்கள் இருப்பது இதனால்தான். தெற்கே இறங்கும் ஓடைகளும் ஊற்றுகளும் ந்யூம்பா யா முங்கு நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, பாங்கனி ஆறாக இந்தியப் பெருங்கடலை அடைகின்றன. அந்த நீர்த்தேக்கத்தில் 8, ஹாலேயில் 21, பாங்கனி அருவியில் 68 மெகாவாட் திறனுள்ள நீர்மின் நிலையங்கள் உள்ளன. மோஷிக்குத் தெற்கே பரந்த கரும்புத் தோட்டங்களும் இந்த நீரை நம்பியே இருக்கின்றன.

இவற்றுக்கெல்லாம் முந்தையவை, இம்மலைச் சரிவில் வாழும் சக்கா மக்களின் வாய்க்கால்கள். காட்டுக்குள் ஓடையைக் கல்லாலும் செத்தையாலும் மறித்து, மேட்டுநிலத்தின் முதுகுவழியாக நீரை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். இரவில் ஓடும் நீர் வீணாகாமல் சிறு குட்டைகளில் தேங்கும். பகலில் முறைவைத்துத் திறந்துவிடுவார்கள். வாய்க்காலை வெட்டிய குடும்பத்தின் வழிவந்தவர்களுக்கு முறையைத் தீர்மானிப்பதில் முதன்மை. தூர்வார வராதவருக்கு நீர் இல்லை. வீட்டைச் சுற்றியுள்ள கிஹாம்பா தோட்டத்தில் மேலே நிழல்மரம், நடுவில் வாழை, கீழே காப்பி, அதற்கும் கீழே கிழங்கும் காய்கறியும். வாழைப்பழத்தோடு கேழ்வரகைச் சேர்த்து அவர்கள் காய்ச்சும் ம்பெகே என்ற பானம் ஊர்ச்சடங்குகளில் தவறாது. கேழ்வரகின் தாயகமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான். அங்கிருந்துதான் அது நம் அடுப்புக்கும் வந்தது.

காட்டை அரிப்பவை

உச்சிப் பனியின் ஒவ்வொரு மீட்டருக்கும் கணக்கு வைக்கும் உலகம் காட்டின் கணக்கைப் பார்ப்பதில்லை. இதை மிகப் பெரிய கவனக்குறைவு என்பேன். கடந்த நூற்றாண்டில் இம்மலை தன் காட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்திருக்கிறது. கீழ்விளிம்பில் கோடரியும் மேல்விளிம்பில் தீயும் அதைத் தின்கின்றன.

தீயின் கதை பனியின் கதையோடு பிணைந்தது. வட்டாரம் வறண்டதால் உச்சியில் பனி குறைந்தது. அதே வறட்சியால் காட்டின் மேல்விளிம்பு எளிதில் தீப்பற்றத் தொடங்கியது. மனிதர் வைக்கும் தீ, குறிப்பாகத் தேன் எடுப்பவர்களும் வேட்டைக்காரர்களும் விட்டுச்செல்லும் நெருப்பு, காய்ந்த எரிகாவில் விரைந்து பரவுகிறது. ஒருகாலத்தில் எரிகா மரக்காடாகவே 4,000 மீட்டர் வரை இருந்தது. மீண்டும் மீண்டும் எரிந்ததில் காட்டின் எல்லை பல நூறு மீட்டர் கீழே இறங்கி, அந்த இடத்தைப் புதர்கள் பிடித்துக்கொண்டன. பல ஆண்டுகளாக இம்மலையின் தாவரங்களை ஆராய்ந்துவரும் ஆண்ட்ரியாஸ் ஹெம்ப் இதைத்தான் திரும்பத் திரும்பச் சுட்டுகிறார்: பனி மறைவதால் மலை இழக்கும் நீரைவிட, மேகத்தைப் பிடித்த மரங்கள் எரிவதால் இழக்கும் நீர் பன்மடங்கு. 1976 முதல் தீயால் அழிந்த காடு சுமார் 13,000 ஹெக்டேர் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2016-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. 2020 அக்டோபரிலும் 2022 அக்டோபரிலும் மீண்டும் பெருந்தீ பரவியது.

கீழ்விளிம்பின் சிக்கல் வேறு. 1941-இல் காலனி அரசு, தென்சரிவுக் காட்டின் கீழ் ஓரமாக அரை மைல் அகலப் பட்டை ஒன்றை விறகுக்கும் தீவனத்துக்கும் என ஊர்மக்களுக்கு ஒதுக்கியது. விடுதலைக்குப் பிறகு நிர்வாகம் கைமாறியதில் அந்தப் பட்டை கவனிப்பின்றிச் சீரழிந்தது. 2001-இல் வானிலிருந்து கணக்கெடுத்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்பூர மரங்கள் அண்மையில் வெட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. அதன் பிறகே, 2005-இல், காடு முழுவதும் தேசியப் பூங்காவோடு சேர்க்கப்பட்டது. மரவெட்டு அதனால் குறைந்தது. ஆனால் விறகுக்கும் புல்லுக்கும் அந்தப் பட்டையை நம்பியிருந்த ஊர்களின் உரிமையும் அதே ஆணையால் போயிற்று. காட்டுத்தீ மூண்டால் மலையேறி முதலில் அணைக்கப்போவது பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள்தான். அவர்களைக் காட்டுக்கு அந்நியராக்கிவிட்டு ஜனவரி, பிப்ரவரியிலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலுமான உலர்ந்த மாதங்களைக் கடப்பது கடினம். பூங்கா நிர்வாகத்தின் முன்னே இன்றும் தீராமல் கிடக்கும் கேள்வி இது.